35 எங்கே நிற்க வேண்டும்?

புள்ளியியல் பாடத்தின் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிற நிகழ்வெண் பட்டியலை அற்ப விஷயமென்று எண்ணி, அவசரமாகக் கடந்து, சராசரிக்கும் திட்டவிலக்கத்துக்கும் ஓடிவிடுவது உபாத்தியாயர்களிடமும் மாணவர்களிடமும் ஒருங்கே காணப்படும் வழக்கம். மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழித்து வீச்சைக் காண்பதும், அதைப் பிரிவுகளின் எண்ணிக்கையால் வகுப்பதும், வந்த விடையையே பிரிவு இடைவெளியாகக் கொள்வதுமே அவர்கள் அறிந்த சூத்திரம். முதற்பிரிவை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. என் அபிப்பிராயத்தில் பட்டியலின் யோக்கியதையெல்லாம் அந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

எத்தனை பிரிவுகள் என்பதற்காவது ஒரு பிரமாணம் உண்டு. 1926-இல் ஹெர்பர்ட் ஸ்டர்ஜஸ் என்பவர் வகுத்த விதிப்படி, 16 உருப்படிகளுக்கு 5 பிரிவுகள், 32-க்கு 6, 64-க்கு 7. அதாவது உருப்படிகள் இரட்டிக்குந்தோறும் பிரிவு ஒன்று கூடும். எண்கள் நடுவில் திரண்டு இருபுறமும் சமமாக இறங்கும் என்ற அனுமானத்தின்மேல் எழுந்த விதியாதலால், அதை வழிகாட்டியாகக் கொள்ளலாமேயன்றி வேதவாக்காகக் கொள்ளலாகாது.

64 மாணவர்கள் உள்ள வகுப்பொன்றில் கணக்கு மதிப்பெண்கள் 12 முதல் 96 வரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீச்சு 84, 7-ஆல் வகுத்தால் மீதியின்றி 12. மாணவன் உற்சாகத்தோடு 12–23, 24–35, 36–47 என்று எழுதிக்கொண்டே போனால், கடைசிப் பிரிவு 84–95 என்று முடிந்து, வகுப்பிலேயே முதலாக வந்தவன் வாசலுக்கு வெளியே நிற்பான்! அதைவிடப் பெரிய அநியாயம் இரண்டாம் பிரிவில் நடக்கிறது. தேர்ச்சிக்குரிய 35 வாங்கியவனும், 24 வாங்கித் தவறியவனும் ஒரே கட்டத்துக்குள் அடைபட்டு, எத்தனை பேர் தேறினார்கள் என்று எந்தத் தகப்பனாரும் முதலில் கேட்கும் கேள்விக்குப் பட்டியல் பதில் சொல்ல முடியாமற்போகிறது. ஆகவே 35 ஒரு பிரிவின் கீழ் எல்லையாகவே இருந்தாக வேண்டும்.

வயதுக் கணக்கில் நியாயம் நேர்மாறானது. ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் அமர்ந்து வயதைக் கேட்டால், “ஒரு நாப்பது இருக்கும், போட்டுக்கோங்க தம்பி” என்று பதில் வரும். பிறந்த தேதியைக் குறித்து வைக்காத குடும்பங்களில் 38-உம் 39-உம் 41-உம் 42-உம் 40 என்றே சொல்லப்படுவதால், நம் நாட்டுக் கணக்குகளில் 0-விலும் 5-லும் முடியும் வயதுகளில் ஜனங்கள் குவிந்து கிடப்பதும், அவற்றின் இருபுறமும் பள்ளம் விழுவதும் நெடுங்காலமாகக் கண்ட சங்கதி. அறிக்கைகளிலே சம்பிரதாயமாக 35–39, 40–44 என்று பிரிக்கும்போது, 38, 39 வயதினர் எல்லை தாண்டி அடுத்த பிரிவில் குடியேறிவிடுகிறார்கள். 38–42 என்று 40-ஐ நடுவில் வைத்திருந்தாலோ, தவறாகச் சொன்னவர்களிற் பெரும்பாலோர் தத்தம் பிரிவுக்குள்ளேயே இருந்திருப்பார்கள். 5-ஐவிட 0-வின் கவர்ச்சி அதிகமாகையால் இதுவும் பூரண பரிகாரமன்று. 37 வயதினரும் 43 வயதினருங்கூட 40-ஐ நாடுவதுண்டு.

சட்டமோ பரீட்சை விதியோ அர்த்தம் கொடுத்திருக்கிற எண்ணை எல்லையில் நிறுத்த வேண்டும். நாவின் பழக்கம் பெருக்கிவிட்ட எண்ணை நடுவில் அமர்த்த வேண்டும். எது எவ்வகை என்று அறிய, இடைவெளியைக் கணக்கிடுமுன் எண்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

மேற்சொன்ன மதிப்பெண்களுக்கு 5–19, 20–34, 35–49 என்று 15 அகலத்தில் தொடங்கினால், ஸ்டர்ஜஸ் சொன்ன 7 பிரிவுகளே வரும். 35-உம் எல்லையில் நிற்கும், 96-க்கும் இடம் கிடைக்கும். ஆனால் மதிப்பெண் 100-ஐத் தாண்டாதாகையால் கடைசிப் பிரிவு 95–100 என்று குறுகிவிடும். நிகழ்வெண் செவ்வகம் வரையும் மாணவர்கள் இங்கே கவனமாயிருக்க வேண்டும்: அந்தப் பிரிவில் 2 பேர் இருந்தால், அகலம் 15-க்குப் பதில் 6 என்பதால், செவ்வகத்தின் உயரம் 2 அன்று, 5.