புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை

சென்ற ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது. என் மாணவனின் முகம். அதன் கீழே சிவப்பு எழுத்தில் ‘கடன் வாங்கி ஏமாற்றும் திருடன்’ என்று இருந்தது. பி.காம். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் உட்காருகிறவன். அவன் அலைபேசியில் இருந்த எல்லா எண்களுக்கும் அந்தப் படம் போயிருக்கிறது. அம்மா, தாய்மாமன், கல்யாணப் பந்தி வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் அண்ணன், அப்புறம் நான்.

அன்று அவன் வகுப்புக்கு வரவில்லை. மறுநாள் வராந்தாவில் பிடித்துக் கேட்டேன். “எதுக்குப்பா வாங்குனே?”

“எக்ஸாம் ஃபீஸ் கட்ட, மேடம்.”

அபராதத்தோடு சேர்த்து 1,400 ரூபாய் வேண்டியிருந்தது. அலைபேசிச் செயலி ஒன்று 2,000 ரூபாய் கடன் என்று காட்டி, ஏதோ கட்டணம் என்று 600 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போட்டிருக்கிறது. ஏழாம் நாள் 2,000 ரூபாயாகத் திருப்பிக் கட்ட வேண்டும். கையில் வந்தது 1,400, வட்டி 600. ஒரு வாரத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 43 ரூபாய்! எங்கள் ஊரில் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து வாங்குகிறவரையே கந்துவட்டிக்காரர் என்று சொல்லித் தெருவில் ஒதுங்கிப் போவோம். அவரைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. செயலி வழிக் கடன்களுக்கும் ரிசர்வ் வங்கி 2022-ல் விதிகள் வகுத்தது. முழு வட்டிச் செலவையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அலைபேசியில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தச் செயலிக்கு இவை எதுவும் பொருட்டில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அவனையே பேச வைத்துப் புகார் கொடுத்தோம்.

அந்தக் கதையைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. அவன் ஊதாரி இல்லை. ஆவணி மாதத்தில் மட்டும் நான்கு கல்யாணங்களில் பரிமாறி, ஒன்றுக்கு 700 வீதம் 2,800 ரூபாய் சம்பாதித்திருந்தான். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் அவன் கையில் தேர்வுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பணம் இருந்தது. அக்டோபரில் ஒன்றும் இல்லை. நவம்பர் தேர்வுக்குக் கட்டணம் கேட்பது புரட்டாசியில். புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது. முகூர்த்தம் இல்லையென்றால் பந்தி இல்லை, பந்தி இல்லையென்றால் அவனுக்கு அந்தக் கூலி இல்லை. டிசம்பர் விடுமுறை முடிந்து அடுத்த பருவத்துக்கான கட்டணம் வரும்போது மார்கழி. அதிலும் முகூர்த்தம் கிடையாது.

இருபது வருடமாக வணிகவியல் கற்பிக்கிறேன். வரவு செலவுத் திட்டம், ரொக்க ஓட்டம் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள். என் மாணவனின் வருமானம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மாணவர்களுக்குச் சிக்கனம் பற்றி அறிவுரை சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் டீயில்தான் தொடங்குவார்கள். ஒரு நாளைக்கு ஒரு டீயைக் குறைத்தால் வருடத்துக்கு இவ்வளவு மிச்சம் என்று பெருக்கிக் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். காலையில் பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வருகிறவனுக்குப் பதினோரு மணி டீதான் மதியம்வரை தாங்கும். அதில் கைவைக்கச் சொல்வது பாவம். அவர்களைக் கவிழ்ப்பது தினமும் ஆகிற செலவு இல்லை. வருடத்தில் ஏழெட்டு முறை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற செலவு.

பழைய முறையையும் முயன்று பார்த்தேன். ஆளுக்கொரு நோட்டில் முப்பது நாள் கைச்செலவை எழுதி வரச் சொன்னேன். ரெக்கார்டு நோட்டு எழுதுவதுபோலக் கெடுவுக்கு முந்தைய இரவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தார்கள். பதினெட்டு நோட்டில் ஒரே தேதியில் ஒரே செலவு. ஒருவன் பிப்ரவரி 30-ஆம் தேதி புரோட்டா சாப்பிட்டிருந்தான். சிரித்துவிட்டேன். ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. யுபிஐ வந்த பிறகு, கொடுத்த ஒவ்வொரு பத்து ரூபாயும் தேதி நேரத்தோடு அலைபேசியிலேயே பதிவாகிவிடுகிறது. போன பணத்தை மறுபடி எழுதி என்ன ஆகப்போகிறது? பணம் வருகிற நாளில் என்ன செய்கிறார்கள் என்பதல்லவா முக்கியம்?

இதைப் பல்கலைக்கழகத்தில் படிக்காத என் அம்மா தெளிவாக அறிந்திருந்தார். எங்களுடையது புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்ப் பாசனம், வருடத்துக்கு ஒரே ஒரு வெள்ளாமை. தை மாசியில் களத்துக்கு நெல் வந்ததும் அறுத்தவர்களுக்குக் கூலி நெல் அளப்பார்கள். அடுத்து விதைநெல்லைத் தனியே கட்டி வைப்பார் அம்மா. பிறகு வருடச் சாப்பாட்டுக்கான நெல் குதிருக்குள் போகும். கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதும் பிரிக்கப்பட்ட பிறகு, மிஞ்சியதைத்தான் வியாபாரி தொடலாம். சந்தைக்குப் போய்வந்து மீதியைச் சேமிக்கலாம் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. பிரிப்பது முதலில், செலவு பிறகு.

நெற்குதிர் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அதற்கு மேலே கொட்டுகிற வாய் பெரிது. கீழே நெல் எடுக்கிற வாய், கை நுழையும் அளவுக்குச் சின்னத் துளை. கொட்டுவது சுலபம், எடுப்பது சிரமம். நம் அலைபேசியில் இருக்கிற பணத்துக்குக் கீழ்வாய்தான் பெரிது.

நான் விடுதியில் தங்கிப் படித்த 1996 முதல் 1999 வரை அப்பா மணியார்டர் அனுப்புவார். படிவத்தின் அடித்துண்டில் நான்கு வரி எழுத இடம் இருக்கும். ‘மெஸ் பில்லுக்கு முன்னூறு, மீதி உனக்கு’ என்று எழுதியிருப்பார். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே அது இரண்டாகப் பிரிந்துவிடும். அந்தத் துண்டுச் சீட்டுதான் எனக்கு வாய்த்த முதல் பட்ஜெட். இன்று அப்பாக்கள் அனுப்பும் பணம் ஒரு ‘டிங்’ சத்தத்தோடு வந்து சேர்கிறது. எதற்கு எவ்வளவு என்ற அந்த நான்கு வரி மட்டும் வழியில் தொலைந்துவிட்டது.

ஆகவே இப்போது நான் வகுப்பில் செலவு நோட்டு கேட்பதில்லை. ஜூலையில் ஆளுக்கொரு மாதக் காலண்டர் வாங்கி வரச் சொல்கிறேன். முகூர்த்த நாள் குறித்த காலண்டர்தான் வேண்டும். நீல மையில் பணம் வரும் நாள்கள்: உதவித்தொகை, பந்தி வேலை, ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடைச் சம்பளம், தீபாவளிக்குச் சித்தப்பா கொடுப்பது. சிவப்பு மையில் பணம் போகும் நாள்கள்: தேர்வுக் கட்டணம், பேருந்து, புத்தகம், ரீசார்ஜ். ரீசார்ஜைக் குறிக்கும்போதுதான் ஒரு பெண் கண்டுபிடித்தாள். “மேடம், எனக்குப் பதிமூணு தடவை வருது!” 28 நாளுக்கொரு முறை போட்டால் 365 நாளில் பதிமூன்று முறை வரத்தான் செய்யும். ஒரு திட்டமாவது 30 நாளுக்கு இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-ல் உத்தரவிட்டதே இதனால்தான்.

நீலம் குறைந்து சிவப்பு மிகுந்து நிற்கிற மாதங்கள் காலண்டரில் தாமாகக் கண்ணில் படும். அந்த மாதங்களுக்காக ஒரு குதிர் வேண்டும். அஞ்சலகத்தில் 500 ரூபாய் இருந்தால் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். அதை எந்த யுபிஐ செயலியோடும் இணைக்காதீர்கள் என்பதுதான் என் ஒரே நிபந்தனை. எடுக்க வேண்டுமானால் வரிசையில் நின்று படிவம் எழுதட்டும். பந்தி வேலைக் கூலி வந்த மறுநாளே பாதியை அதில் போட்டுவிட்டால், மீதியில் டீ குடிக்கலாம், படம் பார்க்கலாம். கணக்கு கேட்க மாட்டேன்.

பெண்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு உண்டு. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிகளின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்கிறது. சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணமும் இல்லை. இரண்டும் பெரிய விஷயங்கள். ஆனால் பணம் அவள் பெயரில் வருகிறது, குறுஞ்செய்தி அண்ணன் அலைபேசிக்குப் போகிறது. ஏடிஎம் அட்டை அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. கணக்கு இருந்தும் கணக்குப் போட அவளுக்கு வழியில்லை. பட்ஜெட் பாடத்துக்கு முன்னால் அந்த அட்டை அவள் கைக்கு வந்தாக வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இதை நான் சொல்லும்போது அப்பாக்கள் கூரையைப் பார்க்கிறார்கள்.

இதுவரை பிள்ளைகளுக்குச் சொன்னேன். இனி எங்களுக்கு.

ஒரு மாணவன் காலண்டரில் சிவப்புக் குறி போட வேண்டுமானால் தேதியும் தொகையும் அவனுக்குத் தெரிய வேண்டும். யார் சொல்கிறோம்? சேர்க்கை நாளில் ஒரு தொகையைக் கட்டச் சொல்கிறோம். அதோடு முடிந்தது என்று வீட்டில் நினைக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றாக வருகிறது. ரெக்கார்டு நோட்டு, துறை டி-சர்ட், சங்கச் சந்தா, கல்விச் சுற்றுலா, வழியனுப்பு விழா, மதிப்பெண் பட்டியல், கடைசியில் பட்டமளிப்பு. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது திங்கள்கிழமை, கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. சம்பளக்காரர் வீட்டுக்கு நான்கு நாள் கெடு பெரிதாகத் தெரியாது. வாரக் கூலி வீட்டில் அந்தத் திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவில் சனிக்கிழமை இல்லை.

டி-சர்ட் கட்டாயமில்லை என்று சொல்வோம். அறுபது பேரில் ஐம்பத்தேழு பேர் நீலச் சட்டையில் நிற்கும்போது, மூன்று பேர் ஏன் வேறு நிறத்தில் நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 350 ரூபாய் டி-சர்ட்டை ஆடம்பரம் என்று திட்டுவது எளிது. அது பத்தொன்பது வயதுப் பையன் தன் மானத்துக்குக் கட்டுகிற கட்டணம். அந்தக் கட்டணத்தை விதித்தவர்கள் நாம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் சேர்க்கை நாளிலேயே ஒற்றைத் தாளில் அந்த ஆண்டு கேட்கப்போகும் எல்லாத் தொகையையும், கேட்கும் மாதத்தோடு அச்சிட்டுக் கொடுக்கட்டும். அதில் இல்லாததை ஆண்டு நடுவில் கேட்கக்கூடாது. பல்கலைக்கழகங்கள் தேர்வுக் கட்டணத்தை இரண்டு தவணையாக வாங்கட்டும். அதுவும் முடியாது என்றால், அபராதம் தொடங்குவதற்கு முன் பதினைந்து நாளாவது விடட்டும். கட்டணம் கட்ட ஒரு வாரம் தவறியவன் பணக்கஷ்டத்தில் இருக்கிறான் என்று தெரிந்தும் அவனிடமே கூடுதலாக வாங்குகிறோம். செயலிக்காரன் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

எங்கள் துறையில் பத்து ஆசிரியர்கள் ஆளுக்கு ஆயிரம் போட்டு ஒரு கைமாற்றுப் பெட்டி வைத்திருக்கிறோம். ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை, வட்டியில்லை. அடுத்த நீலத் தேதியில் திருப்பித் தர வேண்டும், காலண்டரைக் காட்டினால் போதும். இதுவரை ஒருவன்தான் தரவில்லை. அவன் படிப்பையே விட்டுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். அவனை நாங்கள் கடன்காரனாக எழுதி வைக்கவில்லை.

இந்த ஆண்டு எங்கள் துறை மட்டும் அந்த ஒற்றைத் தாளை அச்சிட்டது. மகளைச் சேர்க்க வந்த ஒரு கொத்தனார் அதைக் கையில் வாங்கி, மாதம் மாதமாக விரல் வைத்துப் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது, “இதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டீங்கல்ல, டீச்சர்?” என்றார்.

“எங்க துறையில கேக்க மாட்டோங்க” என்றேன். பாதிப் பதில்தான். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பையில் வைத்த தாளை மறுபடி எடுத்து, என் பேனாவை வாங்கி, அடியில் இருந்த காலியிடத்தில் ‘மற்றவை’ என்று எழுதி, பக்கத்தில் தொகை போடாமல் விட்டார்.