மருந்துக்கும் பழகிக்கொள்ளும் நோய்

சென்ற இதழில் வேப்பம்பூ ரசத்தோடு விடைபெற்றேன். இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம். ஆனாலும் நம் வீட்டு அலமாரிக்குள் இருக்கிற விஷயம்தான்.

என் நாத்தனார் சேலையூரில் இருக்கிறாள். ஆறு வருஷமாக அவளுக்கு ரத்தப் புற்றுநோய். சி.எம்.எல். என்று சொல்லும், மெதுவாக வளரும் வகை. தினமும் சாப்பாட்டோடு இமாட்டினிப் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டே சமைக்கிறாள். மகள் கல்யாணத்தையும் நடத்தி முடித்தாள். போன வருஷம் ஆஸ்பத்திரியில் டாக்டர், "ரத்தத்துல நோயோட அளவு ஏறுதே. மாத்திரை கேட்கலையோ என்னவோ. விடாம சாப்பிடறீங்கதானே?" என்று கேட்டார். இவள் தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற நானும் சேர்ந்து ஆட்டினேன்.

திரும்பும்போது, மின்சார ரயில் பல்லாவரம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, சனிக்கிழமை மட்டும் போடறதில்லை. பெருமாளுக்கு உபவாசம். வெறும் வயித்துல போட்டா குமட்டுது. மாசத்துல நாலு நாள்தானே?"

நாலு நாள்தானா? அன்றிலிருந்து இதைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் செல்லுக்குள் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. இந்த நோயில் 9-வதும் 22-வதும் ஆளுக்கொரு துண்டை மாற்றிக்கொள்கின்றன. இதை 1973-ல் வெளியிட்டவர் அமெரிக்க டாக்டர் ஜேனட் ரௌலி. நாலு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, பகுதி நேரம் வேலை பார்த்தவர். குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கத்தரித்து அடுக்குவாராம். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்!

துண்டு மாறிய இடத்தில் ஒரு கெட்ட புரதம் உண்டாகி, "பெருகு, பெருகு" என்று ஓயாமல் உத்தரவு போடுகிறது. அது வேலை செய்ய, அதிலுள்ள ஒரு குழியில் எரிபொருள் வந்து உட்கார வேண்டும். 2001-ல் வந்த இமாட்டினிப், அந்தக் குழியில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. உத்தரவு நின்றுவிடுகிறது.

ஆனால் புற்றுநோய்ச் செல் லேசுப்பட்டதல்ல. மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடித்திருப்பீர்கள். முதலில் கூட்டமாகச் சாகும். தப்பிய ஒன்றிரண்டு பெருகினால், அடுத்த தடவை அதே மருந்துக்கு அசையாது. இங்கேயும் அதே கதைதான். கோடிக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றில் அந்தக் குழியின் உருவம் சற்று மாறிவிடுகிறது. புரதத்தின் 315-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், மாத்திரையால் உட்கார முடியாது. மாத்திரை கடைக்கு வந்த அதே 2001-லேயே இதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னும் சில செல்கள் மாறாமலே, எலும்பு மஜ்ஜையில் தூங்குவது போல் கிடந்து தப்பிக்கின்றன.

விஞ்ஞானிகளும் விடவில்லை. 2006-ல் டாசாட்டினிப், 2007-ல் நிலோட்டினிப் என்று அடுத்தடுத்து வந்தன. ஆனால் அந்த 315-வது மாற்றத்துக்கு இரண்டுமே பலிக்கவில்லை. 2012-ல் அதற்கும் போனாட்டினிப் வந்தது. 2021-ல் வந்த அசிமினிப் அந்தக் குழியின் பக்கமே போவதில்லை. புரதத்தில் வேறோர் இடத்தைப் பிடித்து முடக்குகிறது. முன்வாசல் பூட்டை மாற்றினால் கொல்லைப்புறமாக வருகிற சாமர்த்தியம்!

ஆனால் எல்லோருக்கும் உடனே எட்டுகிற விலையிலா புது மருந்து வருகிறது? இமாட்டினிப்பே ஒரு காலத்தில் கம்பெனி விலையில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியத் தயாரிப்போ 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அந்தக் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006-ல் நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான் முதலில் மறுத்தது. 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட்டும் மறுத்துத் தீர்ப்புச் சொன்னது. கைக்கு எட்டும் விலையில் இருக்கிற மாத்திரையை நாமே வீணாக்கலாமா?

லண்டனில் 87 நோயாளிகளின் மாத்திரை பாட்டில் மூடியில் சின்னக் கருவி வைத்து, எத்தனை முறை திறக்கிறார்கள் என்று 3 மாதம் கணக்கெடுத்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. 100-க்கு 90 வேளைக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில், 6 வருஷத்துக்குள் நோய் நன்றாக அடங்கியவர்கள் 100-க்கு 94 பேர். அதற்குக் குறைவாகப் போட்டவர்களில் 28 பேர்தான்! மாதத்தில் 3 நாள் விட்டாலே அந்தத் தொண்ணூறுக்கு வந்துவிடுகிறோம். என் நாத்தனார் விட்டது 4 நாள். மருந்து குறையும் நாளில் செல்கள் பெருகும். பெருகப் பெருக, உருவம் மாறிய ஒன்று தோன்றவும் வாய்ப்பு கூடும்.

மறுநாளே டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். பரிசோதனையில் குழி மாறவில்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது சனிக்கிழமை உபவாசம் ஒருபொழுதாகிவிட்டது. அந்தச் சாப்பாட்டோடு மாத்திரை, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அளவு இறங்கியிருந்தது. டாக்டர் சொன்ன இடத்துக்கு இன்னும் வரவில்லை. காத்திருக்கிறோம்.

சகோதரிகளே, வீட்டில் யாருக்காவது நாள்பட்ட மருந்து இருந்தால் காலண்டரில் தினமும் ஒரு புள்ளி வையுங்கள். குமட்டல், கால் பிடிப்பு, கண்ணோரம் வீக்கம் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பல வருஷம் நோய் நன்றாக அடங்கிய சிலருக்கு டாக்டர்களே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. ஆனால் அடிக்கடி ரத்தம் சோதித்துக்கொண்டுதான்.

முக்கியமாக, டாக்டர் கேட்கும்போது தலையாட்டாதீர்கள், என்னைப் போல. வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லுங்கள். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.