வெளியேறினால் மட்டும் விடிந்துவிடுமா?



பல நாடுகள் கூடி ஒரே சந்தையை அமைக்கின்றன. சில ஆண்டுகள் கழிகின்றன. "நமது சட்டத்தை வேறு யாரோ எழுதுகிறார்களே!" என்ற முணுமுணுப்பு எழுகிறது. வெளியேறு என்கிறது ஒரு குரல். இருந்துவிடு என்கிறது மறு குரல். வாக்குப் பெட்டி வைக்கப்படுகிறது, எண்ணப்படுகிறது, வெற்றி விழாவும் நடக்கிறது. அதன் பிறகு உழைப்பவனுக்கும் சிறு வணிகனுக்கும் என்ன மிஞ்சுகிறது? பிரிட்டன் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

ஐரோப்பாவை எதிர்ப்பது வலதுசாரிகளின் கொள்கை என்றே பலரும் நினைக்கிறார்கள். வரலாறு வேறு. 1973ல் பிரிட்டனை ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்த்ததே கன்சர்வேடிவ் ஆட்சிதான். 1975ல் நடந்த பொதுவாக்கெடுப்பில் "இருப்போம்" என்று பிரச்சாரம் செய்தவர்களில் மார்கரெட் தாட்சரும் ஒருவர். "வெளியேறுவோம்" என்று முழங்கியவர் தொழிற்கட்சியின் சோசலிசத் தலைவர் டோனி பென். அன்று 67 சதவீத வாக்குகள் இருப்பதற்கே விழுந்தன.

பென்னின் வாதம் எளிமையானது. யாரை மக்கள் வாக்கால் இறக்க முடியாதோ, அவர் கையில் சட்டம் இயற்றும் அதிகாரம் இருக்கக் கூடாது! பிரஸ்ஸல்ஸில் அமர்ந்திருக்கும் ஐரோப்பிய ஆணையத்தை எந்தத் தொழிலாளியும் நேரடியாக வாக்களித்து நீக்கிவிட முடியாது. 1992ல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தமோ, பற்றாக்குறை 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கடன் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அரசுகளுக்கு அளவுகோல் வைத்தது. நலிந்த ஆலைக்கு அரசு கைகொடுப்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு.

இந்த வாதம் வெறும் கற்பனையல்ல. கிரேக்கத்தைப் பாருங்கள். 2015 ஜனவரியில் இடதுசாரி சிரிசா கட்சியை மக்கள் ஆட்சியில் அமர்த்தினார்கள். அதே ஆண்டு ஜூலை 5ல், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை 61 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். ஆனால் வங்கிகள் மூடிக் கிடந்தன. நாளொன்றுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாமல் மக்கள் தவித்தார்கள். சில நாட்களிலேயே அந்த அரசு பணிந்து நிபந்தனைகளை ஏற்றது. வாக்கு வென்றது. பணம் ஆண்டது!

அப்படியானால் வெளியேறுவதுதான் தீர்வா? அவசரப்படாதீர்கள். மறுபக்கத்தையும் சோசலிஸ்டுகளே பேசினார்கள். பிரிட்டனில் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு அனைத்துத் தொழிலாளர்களுக்குமான சட்ட உரிமையாக 1998ல் வந்தது. அதைக் கொண்டு வந்தது ஐரோப்பிய நெறிமுறைதான். உள்நாட்டு முதலாளி கொடுக்க மறுத்ததை வெளியிலிருந்து வந்த சட்டம் பெற்றுத் தந்தது!

2016 ஜூன் 23ல் மீண்டும் வாக்கெடுப்பு. 51.9 சதவீதத்தினர் வெளியேறச் சொன்னார்கள். ஆலைகள் மூடப்பட்டு வறண்டு போன ஊர்களின் கோபம் அதில் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கடிவாளம் யார் கையில் இருந்தது? துருக்கியிலிருந்து கோடிக்கணக்கானோர் வரப்போகிறார்கள் என்று பீதி கிளப்பியவர்கள் கையில்! அகதிகள் வரிசையாக நடந்து வரும் படத்தைச் சுவரொட்டியாக்கியவர்கள் கையில்! ஆலையை மூடியவன் தப்பித்துக்கொண்டான், அகதி குற்றவாளியானான். வாக்கெடுப்பை அடுத்து வெறுப்புக் குற்றங்கள் அதிகரித்ததை அரசின் புள்ளிவிவரங்களே ஒப்புக்கொண்டன.

வணிகர்களும் தப்பவில்லை. ஐரோப்பாவை விட்டு வந்தால் தெற்காசியாவிலிருந்து சமையற்காரர்களை வரவழைப்பது எளிதாகும் என்று வங்கதேச உணவக உரிமையாளர்களுக்கு ஆசை காட்டினார்கள். நடந்தது என்ன? 2024 ஏப்ரலில் திறன் தொழிலாளர் விசாவுக்கான பொதுவான ஊதிய வரம்பு 38,700 பவுண்டாக உயர்த்தப்பட்டது. எந்தச் சிறு உணவகத்தால் இது முடியும்? ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புபவருக்கு 2021 முதல் சுங்கப் படிவம், பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதற்கான சான்று என்று சுமைகள் கூடின. பெரிய நிறுவனம் இதற்கெனத் தனிப்பிரிவு வைத்துக்கொள்ளும். சிறு வணிகன் என்ன செய்வான்?

தேர்தல் கணக்கையும் பாருங்கள். 2017ல் ஜெரமி கோர்பின் தலைமையில், வெளியேறும் தீர்ப்பை ஏற்று நின்ற தொழிற்கட்சிக்கு 40 சதவீத வாக்குகள், 262 இடங்கள். 2019ல் மறுவாக்கெடுப்பு நடத்துவோம் என்று நின்றபோது கிடைத்தவை 202 இடங்கள்தான். தலைமுறை தலைமுறையாக வாக்களித்த தொழிலாளர் தொகுதிகளே கைவிட்டுப் போயின. "எங்கள் தீர்ப்பை மதிக்கவில்லையே!" என்ற கோபமும் அதற்கு ஒரு காரணம். 2024ல் அதே கட்சி, 2019ஐ விடக் குறைந்த வாக்குகளைப் பெற்று 411 இடங்களைப் பிடித்தது! எண்ணிக்கை மட்டுமே மக்கள் பலம் ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

2020 ஜனவரி 31ல் பிரிட்டன் வெளியேறிவிட்டது. அதிகாரம் லண்டனுக்குத் திரும்பியது. தொழிலாளிக்குத் திரும்பியதா? 2022 மார்ச்சில் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் கப்பல் நிறுவனம் ஏறத்தாழ 800 மாலுமிகளை ஒரு வீடியோ செய்தியின் மூலம் வேலையை விட்டு நீக்கியது. தொழிற்சங்கத்தைக் கலந்தாலோசிக்கும் சட்டத்தை மீறினோம் என்று அதன் தலைவரே நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். ஆயினும் குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. பிரஸ்ஸல்ஸ் மீது பழி போட முடியாத காலத்தில் நடந்தது இது!

சிந்தியுங்கள், சகோதரர்களே! கிரேக்கர்கள் உள்ளே இருந்தும் தோற்றார்கள். பிரிட்டிஷ் மாலுமிகள் வெளியே வந்தும் தோற்றார்கள். கதவுக்கு உள்ளேயா வெளியேயா என்பதல்ல முதல் கேள்வி. சாவி யார் கையில்? அதுவே கேள்வி.

அதற்காக வாக்குச்சீட்டை வீசி எறிந்துவிடச் சொல்லவில்லை. ஆள்பவரை இறக்க எளியவனிடம் உள்ள கருவி அது. ஆனால் வாக்களித்த மறுநாள் சங்கமும், சிறு வணிகர் அமைப்பும், வேறுபாடு பாராத மக்கள் ஒற்றுமையும் விழித்திருக்காவிட்டால், நாம் பெற்ற வெற்றியைப் பணம் படைத்தவன் அறுவடை செய்துகொள்வான்.

நாளை யார் வந்து "வெளியேறு" என்றாலும், "சேர்ந்துகொள்" என்றாலும் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். மறுநாள் காலை சட்டத்தை எழுதப்போவது யார்? அதனால் இலாபம் அடைவது யார்? அவரை இறக்கும் வழி என்ன? விடை கிடைத்த பிறகு வாக்களியுங்கள்!