மணி அடித்தால் அம்மா எங்கே ஒதுங்குவார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ஒருநாள் காலையில் என் அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றேன். அம்மாவுக்கு வயது 78. இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதிலிருந்து நான்கு கால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டார். கோலை முன்னால் வைப்பார், ஒரு காலை எடுத்து வைப்பார், மறுகாலைச் சேர்ப்பார், மறுபடியும் கோல். எங்கள் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை உள்ள நடைபாதையில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் இடம் சரியாக இருக்கும். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

பாதி வழியில் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. மூன்று முறை அடித்தது. அம்மாவுக்கு வலது காது மந்தம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் சட்டென்று திரும்பினார். கோலின் ஒரு கால் பாதையின் விளிம்பைத் தாண்டிப் புல்லில் இறங்கிவிட்டது. நான் கையை நீட்டுவதற்குள் விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

சைக்கிளில் வந்த இளைஞர் இறங்கி ஓடி வந்தார். "சாரி ஆன்டி, சாரி ஆன்டி" என்று சொல்லிக்கொண்டே அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தார். முதுகில் உணவு விநியோகப் பை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வேகமாக வரவில்லை. சைக்கிள் அம்மாமீது படவுமில்லை. சட்டப்படி அவர் அந்தப் பாதையில் ஓட்டலாம். மோதல் நடக்காததால் எந்த விபத்துக் கணக்கிலும் இது சேராது என்று நினைக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து அம்மா தனியாகக் கீழே இறங்குவதில்லை. தினமும் மாலையில் கீழ்த்தளத்தில் தோழிகளோடு பேசிக்கொண்டிருந்தவர், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களைப் பார்க்கிறார்.

சிங்கப்பூரில் முன்பெல்லாம் நடைபாதையில் சைக்கிள் ஓட்ட அனுமதி இருந்ததில்லை. 2010ல் தெம்பனிசில்தான் முதன்முதலில் அனுமதித்தார்கள். சோதனை நடத்தி, தொண்டூழியர்கள் சுற்றி வந்து சைக்கிளோட்டிகளுக்கு அறிவுரை சொல்லி, கவனமாகத் தொடங்கிய ஏற்பாடு அது. 2017ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் 2018 மே மாதம் நடப்புக்கு வந்ததும், அந்த அனுமதி தீவு முழுமைக்கும் பொதுவானது. முதலில் மணிக்கு 15 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்றிருந்தது. 2019 பிப்ரவரியில் அதை 10 ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி மின்ஸ்கூட்டர்களை நடைபாதையிலிருந்து முற்றாக விலக்கினார்கள். 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து, பக்கத்திலேயே சைக்கிள் பாதை உள்ள இடங்களில் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும்தான். மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை.

2019லிருந்து வந்த இந்த மாற்றங்களை நான் மனமார வரவேற்கிறேன். ஒவ்வொரு முறையும் நாம் நடப்பவரின் பக்கம் ஒரு படி நெருங்கி வந்திருக்கிறோம். ஆனால் எங்கள் புளோக்கைப் போலப் பக்கத்தில் சைக்கிள் பாதை இல்லாத பழைய வட்டாரங்களை இந்தப் புதிய விதி தொடவில்லை. மூத்தோர் அதிகம் வசிப்பது இந்த வட்டாரங்களில்தான்.

வேகவரம்பு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய மூன்று மீட்டர். பத்து மீட்டர் பின்னாலிருந்து மணி அடித்தால், நான்கு நொடிக்குள் சைக்கிள் நம் முதுகுக்கு அருகே வந்துவிடும். அந்த நான்கு நொடியில் என் அம்மாவால் கோலை ஒருமுறை தூக்கி வைக்க முடியும், அவ்வளவுதான். அதோடு, சாதாரண சைக்கிளில் வேகம் காட்டும் கருவியும் கிடையாது, பதிவு எண்ணும் கிடையாது. ஓட்டுபவருக்கே தன் வேகம் தெரியாது. நடப்பவர் புகார் செய்தாலும் ஓட்டியவரை அடையாளம் காட்ட வழியில்லை. வரம்பைக் கடைப்பிடிக்கும் நல்லவர்களால்கூட என் அம்மாவைப் போன்றவர்கள் விழுகிறார்கள் என்றால், குறை ஓட்டுபவர்களிடம் இல்லை. இரண்டு வேகங்களை ஒரே பாதையில் விட்டதில்தான் குறை.

சைக்கிளோட்டிகளின் சிரமம் எனக்குத் தெரியாததல்ல. லாரியும் பேருந்தும் உரசிக்கொண்டு போகும் சாலையில் போய் ஓட்டு என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. மின்ஸ்கூட்டர் தடைக்குப் பிறகு எத்தனையோ விநியோக ஊழியர்கள் சைக்கிளுக்கு மாறினார்கள்; அப்படி மாறுவதற்கு அரசாங்கம் மானியமும் கொடுத்தது. அவர்கள் பிழைப்பில் மண் விழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முழங்கால் வலியோடு ஈரச்சந்தைக்கு மெல்ல மிதித்துப் போகும் தாத்தாவையும் நடைபாதையிலிருந்து விரட்டச் சொல்லவில்லை.

ஆனால் சாலையில் லாரிக்கு அஞ்சி ஒருவர் நடைபாதைக்கு வந்தால், அந்த அச்சம் நடைபாதையில் இருப்பவரின் தலையில் இறங்குகிறது. சாலையில் இடமில்லாத சைக்கிளுக்கு நடைபாதை இருக்கிறது. நடைபாதையில் இடமில்லாத என் அம்மாவுக்கு வீட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

மற்ற நாடுகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. ஜப்பானில் சைக்கிளுக்குரிய இடம் சாலைதான். 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் உடற்குறை உள்ளவர்களும் நடைபாதையில் ஓட்டலாம். மற்றவர்கள் அறிவிப்புப் பலகை அனுமதிக்கும் இடங்களிலும், வேறு வழியே இல்லாத நேரத்திலும் மட்டும். ஜெர்மனியில் எட்டு வயது வரை பிள்ளைகள் பொதுவாக நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும், பத்து வயது வரை ஓட்டலாம். அங்கெல்லாம் நடைபாதைச் சலுகை, தேவைப்படுபவருக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது. இங்கே அது எல்லாருக்கும் பொது உரிமையாக இருக்கிறது.

எனவே நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் நகர மன்றங்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கைகள் இவை. முதலாவது, நடைபாதை நடப்பவருக்கே என்பதைப் பொது விதியாக்குங்கள். பிள்ளைகளுக்கும் மூத்தோருக்கும் உடற்குறை உள்ளோருக்கும் மட்டும் விலக்குக் கொடுங்கள். மற்றவர்கள் நடைபாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். இரண்டாவது, சட்டத்தை மாற்ற நாளாகும் என்றால், பலதுறை மருந்தகம், மூத்தோர் நடுவம், பேருந்து நிறுத்தம், எம்ஆர்டி வாசல் ஆகியவற்றை ஒட்டிய நடைபாதைகளிலாவது சைக்கிள் பாதைக்காகக் காத்திராமல் இப்போதே 'நடப்பவருக்கு மட்டும்' என்று எழுதிப் போடுங்கள். மூன்றாவது, 2030க்குள் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அமைக்கும் திட்டத்தில் மூத்தோர் அதிகம் வாழும் பழைய பேட்டைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். சைக்கிளுக்கும் மரியாதையான ஓர் இடம் வேண்டும். அதை நடப்பவரின் பாதையிலிருந்து வெட்டிக் கொடுக்கக் கூடாது.

சைக்கிளோட்டும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. முன்னால் கோலூன்றி ஒருவர் போவதைக் கண்டால் தயவுசெய்து மணி அடிக்காதீர்கள். நடைபாதையில் வழிவிட வேண்டியவர் நீங்கள், அவர் அல்ல. இறங்கிப் பத்தடி தள்ளிக்கொண்டு வாருங்கள். பக்கத்தில் வந்ததும் "பாட்டி, நான் கடந்து போகிறேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் அந்தக் குரல் புரியும்.

அடுத்த மாதம் அம்மாவின் கைக்கட்டைப் பிரிக்கிறார்கள். பிறகு தினமும் கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நடப்பதற்கு எங்களிடம் இருப்பது அந்த ஒரு பாதைதான். அதை அம்மாவுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோ பாயோ