வென்னிக்கு ஒரு கணக்கு

'கீஸர்' என்பது ஐஸ்லாந்து சமாசாரம் ஸார். அங்கே தரையைப் பிய்த்துக்கொண்டு பீச்சியடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர். 1868-ல் லண்டனில் மாகன் என்ற பெயிண்டர், கேஸை எரித்து உடனடியாக வெந்நீர் தரும் எந்திரம் ஒன்றைச் செய்து அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். புகை வெளியேற மட்டும் வழி வைக்கவில்லை. குளிக்கப் போனவர் திரும்பி வருவது அவரவர் ஜாதகம்! (இன்றைக்கும் காற்றோட்டமில்லாத பாத்ரூமுக்குள் கேஸ் கீஸர் மாட்டினால் இதே கதைதான். கார்பன் மோனாக்ஸைடு வாசனை காட்டாமல் வரும்.)

எங்கள் தக்கலையில் வெந்நீர் என்றால் வென்னி. தொண்டும் கொதும்பும் சிரட்டையும் எரித்து வென்னி போட்ட காலம் போய் ஹீட்டர் வந்தது. ஒன்பது வருஷம் உழைத்த எங்கள் வீட்டு 25 லிட்டர் ஹீட்டர், போன மாசம் அடியில் ஒழுக ஆரம்பித்தது. அம்மாவுக்கு முட்டுவலி. "வென்னி இல்லாம எனக்கு ஆவாது மக்கா" என்று அல்டிமேட்டம் வந்துவிட்டது.

கடைக்குப் போனேன். "சாரே, 25 லிட்டரே எடுங்க. எட்டு பார் பிரஷர் தாங்கும், கேட்டியளா?" என்றான் கடைப் பையன்.

பி.காம். படித்ததற்கு இதிலாவது பிரயோசனம் வேண்டாமா? கணக்குப் போட்டேன்.

பிரஷர்: 10 மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கு 1 பார். மொட்டை மாடியில் இருக்கும் எங்கள் டாங்க், பாத்ரூமுக்கு 5 மீட்டர் மேலே. ஆக, அரை பார்! எட்டு பார் எல்லாம் அடுக்குமாடிக்காரர்கள் கவலை.

லிட்டர்: நம்மூர்க் குழாய்த் தண்ணீர் சுமார் 27 டிகிரி. குளிக்க 40 போதும். 15 லிட்டரை 60 டிகிரிக்குக் காய்ச்சிப் பச்சைத் தண்ணீர் கலந்தால் 38 லிட்டர் தேறும். அதாவது இரண்டு பக்கெட். 2 கிலோவாட் ஹீட்டருக்கு 17 நிமிஷம். அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே கரண்ட். பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மகாராஜா அளவிலா குளிக்க முடியும்?

"அப்ப 3 லிட்டர் இன்ஸ்டன்ட்?" என்றான் பையன். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். பழைய வயரிங்குக்குக் கஷ்டம். 15 லிட்டர் டாங்குக்கு 9 ஆம்பியர்கூட இல்லை. தவிர, காய்ச்சி முடித்து ஸ்விட்சை அணைத்துவிட்டு அம்மாவை உள்ளே அனுப்பலாம்.

ஸ்டார்? சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதற்குத்தான் அந்த மார்க். நாள் பூரா ஆன் செய்து வைப்பவர்கள் ஐந்து ஸ்டார் பார்க்கட்டும். 17 நிமிஷக்காரனுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரைதான் முதலில்.

15 லிட்டர் வாங்கினேன். கதை இங்கேதான் ஆரம்பம்.

மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் முதலில் பழையதைப் பிரித்தார். டாங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி உண்டு. டாங்குக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் தியாகி. அது ரீஃபில் மாதிரி இளைத்திருந்தது. "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பாத்து மாத்தணும் அண்ணே" என்றார். கடையில் யாரும் சொல்லாத விஷயம்.

அடுத்து ஹோல்டரில் ஒரு பல்பை மாட்டி, ஒரு ஒயரை ஃபேஸிலும் மற்றதை பிளக்கின் மூன்றாவது ஓட்டையிலும் வைத்தார். பல்பு எரியவில்லை. ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றினார். பச்சை எர்த் ஒயர் பெட்டிக்குள் சுருண்டு படுத்திருந்தது. வெளியே எங்கும் போகவில்லை! வீட்டுக்கு வயரிங் செய்த புண்ணியவான், பில்லில் மட்டும் எர்த் போட்டிருக்கிறார்.

ஹீட்டருக்குள் காயில் விரிசல் விட்டால் கரண்ட் தண்ணீரில் இறங்கும். எர்த் இருந்தால் அது பூமிக்குப் போகும். இல்லையென்றால் ஈரக்கையோடு குழாயைத் தொடுபவர் வழியாகப் போகும். ஒன்பது வருஷமாக அம்மா தொட்ட குழாய் அது. எனக்கு அப்போதே வேர்த்துவிட்டது.

அன்றைக்கே எர்த் குழி தோண்டினோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டோம். 25-க்குப் பதில் 15 வாங்கியதில் மிச்சமான காசு அதற்குச் சரியாய்ப் போயிற்று.

ஸார், உங்கள் வீட்டு பாத்ரூம் பிளக்கின் மூன்றாவது ஓட்டையை இந்த ஞாயிற்றுக்கிழமை சோதித்துவிடுங்கள். நல்ல எலெக்ட்ரீஷியனை வைத்து. மச்சானை வைத்து அல்ல!