மாடு திங்காத புல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சொகுசு விடுதி. பெயர் வேண்டாம். என் சித்தப்பா அங்கே பதினோரு வருஷம் தோட்ட வேலை பார்த்தார். மழைக்குக் கல்லூரி லீவு விட்டிருந்த ஒரு நவம்பரில் நானும் அவரோடு போயிருந்தேன். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, சித்தப்பாவோ புல்தரை முழுக்க யூரியாவை வீசிக்கொண்டிருக்கிறார்.

“மழை வரப்போகுது சித்தப்பா, எல்லாம் கரைஞ்சு போயிடுமே?”

“போனா போவுது. கிறிஸ்துமஸுக்குள்ள பச்சையாவணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. போச்சுன்னா மறுபடியும் போடுறதுதான். மாடுகூட திங்காத புல்லுடா இது.”

சாயங்காலம் மழை கொட்டியது. புல்தரை ஓரத்து வடிகால் வழியாக அந்த உரம் பக்கிங்காம் கால்வாய்க்குப் போனது. 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்குமேல் நைட்ரஜன் இருக்கிறது. வயலில் போட்டால் நெல்லாவது வரும். இங்கே வந்தது நாலு செல்ஃபி.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பச்சையாக இருப்பதெல்லாம் பசுமை இல்லை. உரம் போட்டு, மருந்தடித்து, வாராவாரம் வெட்டி வளர்க்கும் புல்தரை, யாரும் சாப்பிடாத ஒரு பயிர். அதன் கழிவையும் கழிவு என்றே சொல்ல வேண்டும்.

இந்தப் பயிரின் உச்சம் கோல்ஃப் மைதானம். பந்து உருண்டு குழியில் விழும் ‘கிரீன்’ பகுதியில் புல்லை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முறைப்படி அடியில் ஒரு அடி ஆழத்துக்கு மணல், அதற்குக் கீழே ஜல்லி, அதற்கும் கீழே வடிகால் குழாய். தண்ணீர் தேங்கக்கூடாது என்பதற்காகவே இந்த அமைப்பு. மணலில் நைட்ரேட் நிற்காது. வேர் உறிஞ்சாத உரம் தண்ணீரோடு இறங்கிக் குழாய்க்குப் போய்விடும். இதில் இன்னொரு வேடிக்கை, சூடான நாடுகளின் மைதானங்களில் விரிக்கும் பெர்முடா புல் நம்ம பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். கலப்பின வகைகளில் ஓர் ஆப்பிரிக்க இனமும் சேர்ந்திருக்கும். வரப்பில் யாரும் கேட்காமல் முளைப்பதற்கு இங்கே இத்தனை உபசாரம்.

டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில், ஒரு நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்குள் நுழையும் ஓடை நீரையும் வெளியேறும் நீரையும் ஐந்து வருஷம் அளந்தார்கள். வெளியேறும் நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடியிருந்தன. கூடியது கொஞ்சம்தான். ஆனால் ஓடை போய்ச் சேரும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எல்லாம் சேரும்.

நம் ஓடை எங்கே போய்ச் சேருகிறது? கிண்டி ரேஸ் கோர்ஸிலிருந்து பார்க்கலாம். குதிரை ஓடும் பாதைக்கு நடுவே ஜிம்கானா கிளப்பின் 18 குழி கோல்ஃப் மைதானம். அந்தப் பக்கத்து மழைநீர் வேளச்சேரி ஏரிக்கு வரும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் செங்கல்பட்டு மாவட்டத்து முட்டுக்காடு கழிமுகம். ஆக, கிண்டியில் போடும் உரத்துக்கும் கோவளத்து இறாலுக்கும் உறவு உண்டு.

ஏரியின் நன்னீரில் பாசியைத் தூண்டுவது பெரும்பாலும் பாஸ்பரஸ்; கழிமுகத்து உவர்நீரில் நைட்ரஜன். ஒரே மூட்டை உரம் ஒரே வழியில் இரண்டு இடத்தில் வேலை காட்டும். பாசி இரவில் ஆக்சிஜனை இழுக்கும், செத்து அழுகும்போதும் இழுக்கும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குப் போக வழியில்லை. பூச்சிமருந்து இன்னும் மோசம். இறாலும் பூச்சியும் கணுக்காலிகள், ஒரே வம்சம். புல்வேர்ப் புழுவைக் கொல்ல அடிக்கும் குளோர்பைரிபாஸுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முட்டுக்காட்டு உப்பங்கழியில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். யார் வீட்டுப் புல்லுக்கு யார் கை விலை கொடுக்கிறது?

“பக்கிங்காம் கால்வாயே சாக்கடை, இதுல புல்லுக்குப் போட்ட யூரியாவா பெரிய பிரச்சினை?” என்பீர்கள். சாக்கடைதான் பெரிய பிரச்சினை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கழிவு என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். சுத்திகரிப்பு நிலையம் கேட்கிறோம். புல்தரையைப் பூங்கா என்று கைதட்டுகிறோம். 1974-ஆம் வருஷத்து நீர்ச் சட்டம் கழிவு வெளியேறும் வாயைத் தேடும். நாலாபுறமும் வழியும் புல்தரைக்கு அப்படி ஒரு வாய் கிடையாது.

“கான்கிரீட்டுக்குப் புல் மேல்தானே?” மேல்தான். அடர்ந்த புல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மழையை உள்ளே இழுக்கும். அதற்கு உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நான் எதிர்ப்பது டிசம்பர் சீசனுக்காக நவம்பர் மழையில் கரைக்கும் மூட்டையை.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கர் குத்தகையை அரசு ரத்து செய்தது. அதில் 118 ஏக்கர் சுற்றுச்சூழல் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கப்பட்டது. மாநகராட்சி அங்கே மழைநீருக்குக் குளங்களும் வெட்டியது. பணக்காரர் மைதானம் போய்ப் பொதுப் பூங்கா வருவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நம் அரசுகளுக்குப் பூங்கா என்றாலே விரித்த புல்தரை. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் வருகிறார்கள் என்று மாமல்லபுரத்தில் அவசரமாகப் புல் விரித்தார்களே, அதே புத்தி. பல்லவர் கல்லைச் சுற்றி வெள்ளைக்காரன் காலத்து லான்! கிண்டியிலும் அதையே விரித்தால், கோல்ஃப் ஆடுகிறவர்கள் போயிருப்பார்கள், அவர்கள் புல் மட்டும் இருக்கும். புதுக்குளங்களும் பாசிக்குளங்களாகும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை விடுதி, கிளப், பூங்கா எதிலும் புல்லுக்கு யூரியா கூடாது. வடிகால், குளம், கால்வாய் ஓரத்தில் பத்து மீட்டருக்கு உரமே போடாமல் கோரையும் நாட்டுப்புல்லும் வளர விடணும். வருஷத்துக்கு எத்தனை மூட்டை, என்ன மருந்து என்று வாசலில் எழுதி வைக்கணும். உள்ளே வரும் நீரையும் வெளியே போகும் நீரையும் அளக்கணும். அருகம்புல் கோடையில் காய்ந்து பழுப்பாகும். மழையில் தானாகவே துளிர்க்கும். பழுப்பைப் பார்க்கப் பழகணும், அவ்வளவுதான்.

சித்தப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை; மூட்டையைப் பிரிக்கச் சொன்னது அவர் இல்லை. டிசம்பரில் நாட்டிய விழா பார்க்க நீங்கள் மாமல்லபுரம் வருவீர்கள். ஏதாவது விடுதியின் புல்தரையில் உட்கார்ந்து போட்டோ எடுப்பீர்கள். எடுத்து முடித்ததும் வரவேற்பறையில் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தப் புல்லுக்குப் போன மாசம் என்ன போட்டீங்க?”