சோப்பு வார்த்த அச்சு

சோப்பு இனத்துப் பதார்த்தங்களைத் தண்ணீரில் மிகச் செறிவாகக் கரைத்தால், நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் கொண்ட அவற்றின் மூலக்கூறுகள், எவருடைய ஏவலுமின்றி உருளைகளாகத் திரண்டு, தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோண வரிசையில் அணிவகுத்து, திரவமும் ஸ்படிகமும் கலந்ததோர் இடைநிலையை எய்துகின்றன என்பது ரசாயன சாஸ்திரிகள் நெடுங்காலமாய் அறிந்த விஷயந்தான். இவ்வித உருளைகளைச் சுற்றிச் சிலிக்காவைப் படியவைத்துப் பின்னர் சோப்பை எரித்து நீக்கி, சில நானோமீட்டர் அகலமே உள்ள துவாரங்கள் நிறைந்ததும், ஒரே கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பை அடக்கியதுமான எம்.சி.எம்-41 என்னும் பொருளை 1992-இல் உலகறியச் செய்தவர்கள் அமெரிக்காவின் மொபில் கம்பெனி விஞ்ஞானிகள். 1971-ஆம் வருஷத்து அமெரிக்கக் காப்புரிமைப் பத்திரம் ஒன்றிலேயே இத்தகைய செய்முறை இருந்தது என்பதும், 1997-இல் அதன்படி செய்து பார்த்தபோது அதே பொருள் கிடைத்தது என்பதும் வேறு கதை. பழைய பத்திரக்காரர்கள், பாவம், தங்கள் தூள் கனம் குறைந்தது என்பதோடு திருப்தியடைந்துவிட்டார்கள். ஆனால் முதலில் சொன்ன செறிந்த கரைசலைப் போலன்றி, மொபில் முறையில் சோப்புக் கரைசல் நீர்த்தது. அங்கே ஸ்படிக ஒழுங்கு முன்னரே நிலவுவதில்லை, சோப்பும் சிலிக்காவும் கூடித்தான் அதனை ஆக்கிக்கொள்கின்றன. திரவ ஸ்படிகத்தை முதலில் சமைத்து, அதனையே மெய்யான அச்சாக்கி, 1995-இல் சிலிக்காவையும் 1997-இல் பிளாட்டினத்தையும் வார்த்துக் காட்டியவர்கள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த ஜார்ஜ் அட்டார்டும் அவருடைய சகாக்களுமே ஆதலால், புகழ் முழுவதும் மொபிலுக்கே போய்ச் சேர்ந்தாலும், இக்கலையின் அசல் வார்ப்பு வேலை அட்டார்டினுடையதே என்பது என் கட்சி.